மேல்மாடி அகதிக் குடும்பத்துக்குக் காய்ச்சல்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இது 2021 செப்ரெம்பர் கதை, பதில்களும் அந்த நேரத்துக்குரியவை: இலங்கையில் ஓகஸ்ற் 20 இரவு போட்ட கொவிட் தனிமைப்படுத்தல் ஊரடங்கு அப்போது இன்னும் நீக்கப்படவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மெடிக்கல் வார்ட்டில் 31 வருடம் தாதியாக நின்று ஓய்வெடுத்தவள் நான். நம்மூரில் வாடகைக்கு இருக்கும் பாகிஸ்தான், ஆப்கான் அகதிகளைப் பற்றி அப்போது நாலு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

மிஸ், மேல்மாடியில் ஓர் ஆப்கான் குடும்பம். 5 பேர், ஒரே அறை. தகப்பனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். அடையாள அட்டை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறார்கள். (தெஹிவளை)

தைரியமாகப் போகச் சொல்லுங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. அதனால் இவர்களுக்கு இங்கே வேலை செய்ய உரிமையில்லை. ஐநா அகதிகள் நிறுவனம் பதிந்து பத்திரம் கொடுத்து, வேறு நாட்டுக்கு அனுப்பப் பார்க்கும்; அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) அவர்களுக்கும் இலவசம். அந்தப் பத்திரத்தின் போட்டோப் பிரதி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகட்டும். மூச்சு முட்டினால் ஓட்டோ தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கிற கொவிட் நோயாளிக்கு 2021இல் 1390 இருந்தது.

அவர்களுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. கவுன்டரில் ஒருவர் அதட்டினால் அப்படியே திரும்பி வந்துவிடுவார்கள். என் வார்ட்டிலேயே அது நடந்திருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உள்ளே போக வேண்டாம். போனை ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் கதைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே அறை என்றால் தனிமைப்படுத்தல் என்பது பெயருக்குத்தான். ஆனாலும் யன்னலைத் திறந்து, நோயாளியின் பாயை யன்னல் பக்கம் போடுங்கள். உங்கள் மொட்டைமாடியைப் பகலில் அவருக்குத் திறந்துவிட முடியுமா? அது பெரிய உதவி. எல்லாரும் மாஸ்க் போடட்டும், அவரும்தான்.

விரலில் மாட்டி இரத்தத்தில் ஒக்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தகப்பனின் மனைவிக்கு 88 காட்டுகிறது, ஆள் நன்றாகத்தான் நடமாடுகிறா. (அதே வீட்டுக்காரர்)

விரலைப் பாருங்கள். நகப்பூச்சு இருக்கிறதா? விரல் குளிர்ந்திருக்கிறதா? எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கும் இப்படித்தான் 86 காட்டி வீடே அழுதது. சிவப்புப் பூச்சை அழித்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் இருத்திவைத்துப் பார்த்தால் 97. எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து வாசியுங்கள். அப்படியும் 94க்குக் கீழே நின்றால், 'நடமாடுகிறாவே' என்று விடாதீர்கள். கொவிட்டில் ஒக்சிசன் இறங்கியும் மூச்சுத்திணறல் தெரியாமல் போகும், அதுதான் இதன் கள்ளத்தனம். உடனே 1990.

நான் பார்மசியில் நிற்கிறேன். அகதிப் பொடியன்கள் வந்து டெக்ஸாமெதசோன் (ஸ்டீரொயிட் மருந்து), இபுபுறூபன் (வலி மாத்திரை) கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் வந்ததாம். (கொட்டாஞ்சேனை)

கொடுக்காதீர்கள், தம்பி. டெக்ஸாமெதசோன் ஒக்சிசன் தேவைப்படும் நோயாளியைத்தான் காப்பாற்றுகிறது. 2020இல் பிரித்தானியாவில் செய்த பெரிய ஆய்வு காட்டியது அதைத்தான். ஒக்சிசன் தேவைப்படாதவருக்கு அதில் பலன் காணவில்லை.

இபுபுறூபனில் எனக்குள்ள பயம் டெங்கு. கொழும்பில் காய்ச்சல் என்றால் கொவிட் மட்டுமா? கொவிட் பரிசோதனை நெகட்டிவ் என்று சந்தோசப்பட்டு இபுபுறூபனோ அஸ்பிரினோ போட்டால், டெங்குவில் இரத்தக்கசிவு கூடும். பனடோல் மட்டும்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 8க்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் வரும். வயிற்றுக் குத்து, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைவது என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லுங்கள்.

கொத்தமல்லி குடிக்கட்டும், தொண்டைக்கு இதம். ஆனால் கொவிட்டுக்கு மருந்து என்று சொன்ன கேகாலைப் பாணிக்கு வரிசையில் நின்ற கதையைத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் வயோதிபர் ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டார். செத்தால் எரித்துவிடுவார்கள் என்கிறார். (கொலன்னாவை)

அந்தப் பயத்தை இங்கே உருவாக்கியது நாங்கள்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 ஏப்ரல் முதல் கொவிட்டில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்றிருந்தது. மையத்தை (உடலை) அடக்கம் செய்யத் தரமாட்டார்கள் என்று வீட்டிலேயே கிடந்தவர்கள் இருந்தார்கள். 2021 பெப்ரவரி 25 வர்த்தமானியோடு அது மாறியது. அந்த மார்ச் மாதத்திலிருந்து 2022 மார்ச் வரை மட்டக்களப்பு ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் அடக்கம் செய்தார்கள். கொழும்பிலிருந்து தூரம்தான், விரும்பிய பள்ளி மையவாடியும் (அடக்க நிலமும்) கிடைக்கவில்லை. ஆனால் எரிப்பதில்லை. இதை நீங்கள் சொன்னால் நம்பமாட்டார், பள்ளிவாசல் மௌலவி ஒருவரைப் போனில் சொல்லவையுங்கள்.

என் வகுப்புக்கு முன்பு வந்த பாகிஸ்தான் பிள்ளைகள். தாய் கர்ப்பிணி, தகப்பனுக்கு ஒரு மாதமாக இருமல். (வத்தளை)

ஒரு மாத இருமலைக் கொவிட் என்று மட்டும் பார்க்காதீர்கள், ரீச்சர். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, மார்பு நோய் கிளினிக்கில். காசநோய் என்றால் 6 மாத மருந்தும் இலவசம். ஊரடங்கென்று இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காது. தாயை அந்தப் பகுதி குடும்பநல மாதுவிடம் பதியவையுங்கள், 2021இல் கொவிட் ஊசியும் அங்கே கேட்க முடிந்தது. பிள்ளைகளின் ஊசி அட்டை வழியில் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இயற்கைப் போலியோ வைரஸ் இன்னும் ஓயாத நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தான். எங்களுக்குக் கடைசி நோயாளி 1993இல்.

நம்ம சனத்துக்கே கொவிட் ஊசி வரிசை. வெளிநாட்டுக்காரருக்கு எதற்கு? (பெயர் வேண்டாம்)

1983 யூலைக் கலவரத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. இரத்மலானை விமானக் கொட்டகையில் படுத்தோம். கழிவறை வரிசையில் பக்கத்து வீட்டு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. வயிற்றோட்டம் பரவியபோது, யார் எந்த ஊர் என்று அது கேட்கவில்லை. உங்கள் சந்தைக்கு வருகிறவருக்கு ஊசி போட்டால் லாபம் உங்களுக்கும்தான். பத்திரத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், மறுத்தால் ஐநா அலுவலகத்துக்குத் தெரிவிக்கட்டும்.

அக்கா குடும்பம் தமிழ்நாட்டில், மண்டபம் முகாமில். ஆதார் (இந்திய அடையாள அட்டை) இல்லை, கொவிட் ஊசி கிடைக்குமா? சீனி வருத்தமும் உண்டு. (வெள்ளவத்தை)

2021 ஓகஸ்ற் 28இலிருந்து அது 'மறுவாழ்வு முகாம்', பெயரை மாற்றிவிட்டார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போட இந்திய மத்திய சுகாதார அமைச்சு 2021 மே மாதமே வழிமுறை வெளியிட்டது. முகாம் அலுவலரூடாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கட்டும். சீனி மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஓகஸ்ற் 5 தொடங்கினார்கள், அதையும் அங்கேயே கேட்கட்டும். மருந்து தீர ஒரு கிழமை இருக்கும்போதே கேட்க வேண்டும், தீர்ந்த பிறகல்ல.