லேப்டாப்பும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

கேள்வி: ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட லேப்டாப் ஆர்டர் செய்தேன். கிரெடிட் கார்டு இஎம்ஐ மூலம் முழுத் தொகையும் தளத்துக்குப் போய்விட்டது. சொன்ன தேதியில் வரவில்லை. தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்போது, “ஸ்டாக் இல்லை, 8 ஜிபி மாடல் தருகிறோம், வேண்டாமென்றால் கேன்சல் சார்ஜ் போக மீதி வரும்” என்கிறார்கள். இஎம்ஐ மட்டும் தவறாமல் போகிறது. நான் வீட்டிலிருந்து சுயதொழில் செய்பவன், அதற்காகத்தான் வாங்கினேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கஸ்டமர் கேரில் பட்ட பாட்டை மனுவின் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். அரைமணி நேரம் ஹோல்டில் போட்டது, மரியாதையில்லாமல் பேசியது எல்லாம் இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது உதவும், அவ்வளவுதான். வழக்கைத் தாங்கப்போவது மூன்று காகிதங்கள்: மாடலைச் சொல்லும் ஆர்டர் உறுதி மின்னஞ்சல், முதலில் தந்த டெலிவரி தேதி, பணம் போனதைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளில் 6ஆவது விதிப்படி, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளையும், விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையும் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இயற்கைப் பேரிடர் போலக் கைமீறிய காரணத்தால் தாமதம் என்றால் விலக்கு உண்டு. ஸ்டாக் இல்லாததை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம். கேன்சல் சார்ஜுக்கு 4ஆவது விதி. தாங்களாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தை ஏற்காத தளம், உங்களிடம் அதை வாங்க முடியாது. பொருளைத் தர முடியாதவர்களே அவர்கள் எனும்போது இந்த வாதம் இன்னும் வலுக்கிறது.

8 ஜிபி மாடல் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். போனில் “சரி, பார்க்கலாம்” என்றுகூடச் சொல்லாதீர்கள். அது மாற்று மாடலுக்கு ஒப்புதல் என்று பதிவாகிவிடும். கேட்காமலே அனுப்பிவிட்டால், பெட்டியின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் மாடல் எண்ணையும் ரேம் அளவையும் பார்த்துவிட்டு வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் வேறு யாராவது வாங்கி வைத்துவிட்டால், சீலை உடைக்காமல் லேபிளைப் படமெடுத்து, “இது நான் கேட்ட மாடல் இல்லை, ஏற்கவில்லை” என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆவது பிரிவுப்படி மறுப்பைத் தெரிவித்தாலே போதும், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மறுப்புச் சொல்லாமல் நாள் கடத்தினாலோ, ஆன் செய்து வேலை பார்க்க ஆரம்பித்தாலோ 42ஆவது பிரிவு குறுக்கே வரும், ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி போன் வேண்டாம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புது டிக்கெட் எண் விழுகிறது, பழையது ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படுகிறது. நாளை ஆணையத்தில் நீட்டப்படுவது அந்தப் பட்டியல்தான். தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கு ஒரே மின்னஞ்சல், பழைய டிக்கெட் எண்கள் எல்லாவற்றோடும். இவ்வளவு எழுதினால் போதும்:

“மேற்படி ஆர்டரில் குறிப்பிட்ட தேதிக்குள் பொருள் தரப்படவில்லை. மாற்று மாடலை நான் ஏற்கவில்லை. ஆர்டரை ரத்து செய்து, எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுத் தொகையையும், நான் கட்டிய இஎம்ஐ வட்டியையும் 15 நாளுக்குள் திருப்பித் தரவும்.”

லேப்டாப்பா பணமா என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்டால் பதிலும் இரண்டுங்கெட்டானாகத்தான் வரும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட் உரையாடல்கள் மறைவதற்குள், தேதி தெரிய, சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது, சாட்சியங்கள் பற்றிய சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய சட்டம் 63ஆவது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழை இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது.

கோபத்தில் இஎம்ஐயை நிறுத்திவிடாதீர்கள். கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. நிறுத்தினால் அபராதமும் கிரெடிட் ஸ்கோர் சரிவும் உங்கள் தலையில்தான். வங்கியில் ‘பொருள் வரவில்லை’ என்று எழுத்தில் டிஸ்ப்யூட் (அந்தக் கட்டணத்துக்கு ஆட்சேபம்) போடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். “ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்” என்று தளம் சொன்னால் ஏஆர்என் எண்ணைக் (அந்த ரீஃபண்டுக்கான வங்கிக் குறிப்பு எண்) கேளுங்கள். அது இருந்தால் வங்கி தேடிச் சொல்லிவிடும், அனுப்பாமல் கதை விட்டிருந்தாலும் தெரிந்துவிடும். பணம் கார்டில் வரவான பிறகும் பல நேரம் இஎம்ஐ தானாக நிற்பதில்லை. அதை மூடச் சொல்லித் தனியாக எழுத வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருகின்றன. ஆனால் அது தீர்ப்பு இல்லை, வழக்குக்கான காலக்கெடுவையும் நிறுத்தாது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ‘எங்கள் ஊர் நீதிமன்றம் மட்டுமே’ என்று தளத்தின் நிபந்தனைகளில் போட்டிருந்தாலும் கவலையில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. விற்பனையாளர், தளம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். “நாங்கள் வெறும் இடைத்தரகர்” என்று தளம் சொல்லும், சொல்லட்டும். வங்கி மீது தனித் தவறு இல்லாமல் அதை இழுக்காதீர்கள், வழக்குதான் நீளும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். வாடகைக்கு லேப்டாப் எடுத்திருந்தால் அந்த ரசீது, வேறிடத்தில் அதே மாடலைக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால் அந்த பில், இவைதான் இழப்பீட்டுக்கு உண்மையான பலம்.

ஒரு ஓட்டை எங்கே இருக்கலாமென்றால், பில்லில். தொழில் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் போடச் சொல்லியிருந்தால், “வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல” என்பதுதான் அவர்களின் முதல் வாதமாக இருக்கும். சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே, தன் உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. அந்த வாசகத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் அவர்கள் அசல் தொகையை மட்டும் அனுப்பி, “முழுத் தீர்வாக ஏற்கிறேன்” என்ற ஒப்புதலைக் கிளிக் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். “வட்டியும் இழப்பீடும் பாக்கி, உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்” என்று பதில் எழுதிவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.