முகாரியைக் கேட்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்து, ஜெயநகரில் வசிக்கிறேன். சங்கீதம் கற்றதில்லை. சென்ற ராமநவமி விழாவின்போது நண்பர் ஒருவர் என்னைச் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். பாடகர் ஒரு ராகத்தை நெடுநேரம் விரித்துப் பாடியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் அதைக் கவனித்து, "என்ன ராகம், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அது முகாரி என்றும், அடுத்துப் பாடியது தியாகராஜரின் 'எந்தனினே' என்றும் அவரே சொன்னார். முகாரி சோக ராகம் என்று பிறகு படித்தேன். அப்படியானால் அந்தக் கண்ணீர் என்னுடையதா, ராகம் வழக்கமாகச் செய்கிற வேலைதானா என்று குழம்பிப் போனேன். அதன் பிறகு எந்தக் கச்சேரிக்குப் போனாலும் ராகத்தின் பெயரைக் கைபேசியில் தேடுகிறேன். முதல் நாள் கிடைத்தது மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். அது தவறா? அடுத்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து வருகிறார். கோயில் கொடைத் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டதைத் தவிர அவருக்கு வேறு பழக்கம் இல்லை. அவரைக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

முகாரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் சங்கடம் முழுவதும் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு வந்தது. ஓயாமல் புலம்புகிறவரைப் பார்த்து 'முகாரி பாடாதே' என்று நம் வீடுகளில் சொல்வோம். அந்த அளவுக்கு இந்த ராகத்தின் மேல் அழுகை முத்திரை விழுந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கீர்த்தனை அழுகைப் பாட்டே அல்ல. சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் அதில் வியக்கிறார். ராமனைக் கண்ணாரக் கண்டு, சுவையான கனிகளைக் கொடுத்து, உடல் புல்லரிக்க அவன் பாதத்தில் விழுந்தவள் அவள். முனிபத்தினிகள் எத்தனையோ பேர் இருக்க, இவளுக்கு இந்தப் பேறு வாய்த்ததே என்ற பிரமிப்புதான் அந்தப் பாட்டு முழுவதும். மொழி தெரியாமல், ராகம் தெரியாமல், ராமநவமிப் பந்தலில் உட்கார்ந்து அதைக் கேட்டு நீங்கள் உருகினீர்கள் என்றால், பாட்டு போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. 'சோக ராகம்' என்ற முன்னறிவோடு உட்கார்ந்திருந்தால் சோகத்தை மட்டும் எதிர்பார்த்துவிட்டு, அந்த வியப்பைத் தவறவிட்டிருப்பீர்கள்.

ராகம் தன் வேலையைச் செய்கிறது என்பதும் உண்மைதான். முகாரியில் ஸ்வரங்கள் ஏறும்போது 'த'வின் உயர்ந்த வடிவமான சதுச்ருதி தைவதமும், இறங்கும்போது அதன் தாழ்ந்த வடிவமான சுத்த தைவதமும் வருகின்றன. நிஷாதத்திலிருந்து ('நி') அந்தச் சுத்த தைவதத்தைத் தொட்டுப் பஞ்சமத்தில் ('ப') வந்து அமரும் இறக்கத்தில்தான் பெரும்பாலும் கேட்பவருக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்த இறக்கத்தை எங்கே வைப்பது, எத்தனை முறை வைப்பது, எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவது என்பதெல்லாம் அன்று மேடையில் முடிவாகிறவை. பாட்டின் சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் மூன்றும் மனோதர்மம், அதாவது அந்தக் கணத்துக் கற்பனை. எழுதி வைத்துப் படிப்பவை அல்ல. வயலின்காரரைப் பாருங்கள். பாடகர் ஆலாபனை செய்யும்போது அவர் ஒரு நூலிழை பின்தங்கி ஒவ்வொரு ராகப் பிடியையும் தொடர்ந்து வருகிறார், பிறகு தன் முறை வரும்போது கேட்டதிலிருந்து தன் ஆலாபனையை எழுப்புகிறார். மேடையிலேயே முதல் ரசிகர் அவர்தான். பந்தலில் இருப்பவர்களின் கவனமும் அதே வழியில் மேடைக்குப் போய்ச் சேர்கிறது. சபை ஆழ்ந்து கேட்கிறது என்று தெரிந்தால் பாடகர் ஒரு ஸ்வரத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பார்ப்பார். சலசலப்பு தெரிந்தால் சீக்கிரம் முடித்துக்கொண்டு கீர்த்தனைக்குப் போய்விடுவார். ஆகவே உங்கள் கண்ணீர் அந்தக் கச்சேரியில் சேர்ந்த ஒன்று. அது உங்களுடையதுதான்.

அந்தப் பெரியவர் ஆசையினாலும் கேட்டிருக்கலாம். ஆனால் கண் கலங்கி இருப்பவரிடம் வினாத்தாள் நீட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். புதிதாக வருகிறவர்கள் சபாக்களை விட்டு விலகிப்போவதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ராகத்தின் பெயர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர் என்பது முகவரி: பிடித்துப்போன இடத்துக்கு மறுபடியும் போக வேண்டும் என்றால் அது கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் இப்போது ஆலாபனையின் முதல் சில நிமிடங்களைத் தேடுவதற்கே கொடுத்துவிடுகிறீர்கள். ராகம் தன்னை மெல்லத் திறந்து காட்டுகிற நேரம் அதுதான், அப்போது உங்கள் கண் கைபேசித் திரையில் இருக்கிறது. பாட்டின் முதல் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடுங்கள். அதே ராகத்தில் வேறு இரண்டு பாடல்களைக் கேளுங்கள். கேட்டுப் பழகிய பிறகு வரும் பெயர் மறக்காது.

இனி தனி ஆவர்த்தனம். அதில் எழுந்து போவது குற்றம் என்று சொல்லவில்லை, பெரிய நஷ்டம் என்று சொல்கிறேன். மேடையை நோக்கி அமர்ந்தால் மிருதங்கக்காரர் வழக்கமாக நம் இடப்பக்கம் இருப்பார், அவர் வலக்கையால் வாசிக்கும் பக்கமான வலந்தலை நம்மைப் பார்த்திருக்கும். (பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர் என்பதால் எதிர்ப்பக்கம் அமர்ந்து வாசித்தார்.) நடுவில் கறுப்பாகச் சோறு வைத்த அந்தத் தோலில் விரல்கள் என்ன செய்கின்றன என்றும், ரவைப் பசை பூசிய மறுபக்கமான தொப்பியில் இடக்கை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்காரம் எப்படி இருக்கிறது என்றும் ஒரு முறை கூர்ந்து கவனியுங்கள். பாடகர் அப்போது ஓய்வெடுப்பதில்லை. தொடையில் தாளம் போட்டு முழு நேரமும் காவல் இருக்கிறார். அவர் கையின் அசைவைப் பிடித்துக்கொண்டால் உங்களுக்கும் வழி கிடைக்கும். 'எந்தனினே' ரூபக தாளம்: இரண்டு தட்டு, ஒரு வீச்சு, அவ்வளவுதான். முதலில் தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகு நடையில் நீரோட்டமாகப் போவதை மட்டும் பின்தொடருங்கள், கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடமோ கஞ்சிராவோ உடன் இருந்தால் இருவரும் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனங்களை, அதாவது தாளச் சுற்றுகளை, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். பிறகு முடிவை நோக்கிக் கொண்டுபோகும் மோராவைச் சேர்ந்து வாசிப்பார்கள். அதன் பின் வருகிற முடிவுக் கணக்கான கோர்வையை மூன்று முறை வாசிப்பது மரபு. முதல் முறை அதன் உருவம் பிடிபடாது, இரண்டாம் முறை அரைகுறையாகத் தெரியும், மூன்றாம் முறை அது எங்கே போய் முடியும் என்று உங்கள் உடம்பு முன்கூட்டியே சாய ஆரம்பிக்கும். சரியாக அது முடிகிற புள்ளியில் பாடகர் பாட்டின் வரியை எடுப்பார். அந்த எடுப்பில் உங்களை அறியாமல் சிரிப்பீர்கள். தாளம் தெரிந்தவரும் அதே இடத்தில்தான் சிரிக்கிறார். கைதட்டலை மட்டும் அந்த வரி காதில் விழும் வரை நிறுத்தி வையுங்கள். இத்தனை நேரம் காத்திருந்து வந்து சேர்ந்த வரியை நம் கைதட்டலே மூழ்கடித்துவிடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கடைசி மெட்ரோவைப் பிடித்தாக வேண்டும் என்றால் தனி ஆவர்த்தனம் இடம்பெறும் முக்கிய உருப்படி தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவது வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை.

அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நாகஸ்வரம் மட்டும் கேட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' தேவையில்லை. ராக ஆலாபனையை நம் ஊர் மக்களுக்குக் காட்டியதே நாகஸ்வரம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் திருவிழா வீதிகளில் நின்று கேட்ட கூட்டத்தில் அதன் ஸ்வரங்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கொடையில் தவிலோடு விடிய விடியக் கேட்டு வளர்ந்த காது, தனி ஆவர்த்தனத்தில் உங்களைவிட முன்னால் போகும் என்றே எதிர்பார்க்கிறேன். அவர் வாய்விட்டு 'ஆஹா' என்றால் அடக்காதீர்கள். இடப்பக்கமாக, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். மூன்று மணி நேரம் நாற்காலியில் இருப்பது அவருக்குச் சிரமமாக இருக்குமானால் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தையும் முதல் இரண்டு கீர்த்தனைகளையும் விட்டுவிட்டு, முக்கிய உருப்படியும் தனியும் வரும்போது தெம்பாக இருக்கும்படி ஒரு மணி நேரம் தாமதமாகவே கூட்டிப் போங்கள்.