அட்டை கையில் இருக்கும்போதே ஊர் சுற்றுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(ஜெர்மனியில் மேற்படிப்பு முடிக்கப்போகும் பிள்ளைகள் ஊர் திரும்பும் முன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது பற்றி, தமிழக எல்லையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.)

கே: மகன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். ஆகஸ்ட்டில் ஆய்வறிக்கை கொடுத்துவிடுவான். தங்கும் அனுமதி அட்டையில் டிசம்பர் வரை தேதி இருக்கிறது. அறையைக் காலி செய்து, நகராட்சியில் பதிவையும் நீக்கிவிட்டு, ஒரு மாதம் பிரான்ஸ், இத்தாலி எல்லாம் சுற்றி, ரோமிலிருந்தே விமானம் ஏறுகிறேன் என்கிறான். சரிப்படுமா? – வாசகி, வேலந்தாவளம்

ப: சுற்றட்டும் அம்மா, ஆனால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் பயணம், பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி அறை ஒப்படைப்பு, கடைசியாகப் பதிவு நீக்கம், அங்கிருந்தே விமானம். நிரந்தரமாகப் போகும் எண்ணத்தோடு ஜெர்மனியை விட்டுக் கிளம்பினால் தங்கும் அனுமதி அத்தோடு முடிந்துவிடும் என்பது அந்நாட்டுச் சட்டம். அட்டையில் டிசம்பர் என்று அச்சிட்டிருப்பது அப்போது உதவாது. ஜெர்மன் மொழியில் ‘அப்மெல்டுங்’ எனப்படும் பதிவு நீக்கத்தை, வீட்டைவிட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுக்கலாம். போன பிறகு இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. அட்டையோடு ஒரு மடிப்புத் தாள் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் அனுமதியும் முடியும் என்ற நிபந்தனை சிலருக்கு அதில் இருக்கும். அப்படி இருந்தால் பல்கலைக்கழகப் பெயர் நீக்கத்துக்கு முன்பே பயணத்தை முடிப்பது நல்லது. கோடைப் பருவம் செப்டம்பர் 30 வரை; ஆகஸ்ட்டில் ஆய்வறிக்கை கொடுத்த கையோடு தானாகப் போய்ப் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டாம். மாணவர் ரயில் பாஸ், மாணவர் மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்தச் சேர்க்கையை ஒட்டியே ஓடுகின்றன.

ஜெர்மனி அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் தங்கலாம். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கு. காலையில் எல்லைக்கு அப்பால் பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் போய் மாலையில் திரும்பினாலும் ஒரு நாள் போய்விடும். வேலந்தாவளத்தில் தமிழக–கேரள எல்லை தாண்டுவது காய்கறி வாங்கப் போவது மாதிரி. ஷெங்கனும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். மொபைலில் எடுத்த படம் செல்லாது. பிரிட்டன், அயர்லாந்து இரண்டும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்குத் தனி விசா.

அறை முன்பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

கே: 63 யூரோ டிக்கெட்டிலேயே ஊரெல்லாம் சுற்றலாம் என்கிறார்கள். இன்டர்ரெயில் பாஸ் எதற்கு? இந்தியர்களுக்கு அது கிடைக்காது, யூரெயில்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்களே? – மாணவரின் அண்ணன், நகரி

ப: கிடைக்கும். இரண்டுமே பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் பாஸ்கள். இன்டர்ரெயில் ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு, யூரெயில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு. பார்ப்பது குடியிருப்பைத்தான், பாஸ்போர்ட் எந்த நாடு என்பதை அல்ல. உங்கள் தம்பியிடம் அட்டை இருக்கும்வரை இன்டர்ரெயில்தான். 27 வயது வரை இளைஞர் கட்டணம்.

63 யூரோ டிக்கெட்டையும் இன்டர்ரெயிலையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். அந்த டிக்கெட்டின் பெயர் டாய்ச்லாண்ட் டிக்கெட்; 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. ஜெர்மனிக்குள் வட்டார ரயில், எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசி விரைவு வண்டிகளில் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் ஸ்டேஷன் வரைகூட அதிலேயே போகலாம். இன்டர்ரெயிலிலோ, குடியிருக்கும் நாட்டுக்குள் போக ஒரு பயணம், வர ஒரு பயணம் மட்டுமே அனுமதி. எனவே சால்ஸ்பூர்க் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் போய், மறுநாள் அங்கிருந்து பாஸின் முதல் நாளைத் தொடங்கினால் ஒரு பயண நாள் மிச்சம். ஒரு மாதத்தில் 7 நாள் பாஸ் எடுத்து, நெடுந்தூரம் போகும் நாளில் மட்டும் அதைத் தொடட்டும். ஒரே நகரத்தில் சுற்றும் நாளில் வீணாக்க வேண்டாம். இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, வண்டி மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டுமே கணக்கு.

பிசகுவது எங்கே? பாஸ் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக வண்டிகளுக்குத் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதிய வேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் சில வண்டிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்தது, ஏறும் முன்பே பாஸுக்கான மொபைல் செயலியில் அந்த ரயிலைப் பாஸோடு சேர்த்திருக்க வேண்டும். பரிசோதகர் வருவதைப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் டிக்கெட் இல்லாப் பயணம்தான்.

வட்டார ரயிலில் வேறொரு வேடிக்கை உண்டு. மியூனிக்கிலிருந்து தெற்கே போகும் ஒரு வண்டி வழியில் பிரிந்து பெட்டிகள் மூன்று ஊர்களுக்குப் போகும். பெட்டியின் பக்கத்துப் பலகையில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் ஏறினால் டேகர்ன்சே ஏரிக்குப் பதில் பைரிஷ்செல்லில் இறங்க வேண்டியதுதான்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா. கடைசி மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால், தம்பி நகரிக்கு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த 63 யூரோ போயிருக்கும்.

கே: 15 யூரோவுக்கு விமான டிக்கெட் என்று மகள் குதிக்கிறாள். நம்பலாமா? – வாசகர், சித்தூர் (பாலக்காடு)

ப: டிக்கெட் உண்மைதான், விமான நிலையம் எங்கே என்று பாருங்கள். பிராங்பர்ட்-ஹான் பிராங்பர்ட்டிலிருந்து சுமார் 120 கி.மீ. பாரிஸ் போவே பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். அடுத்து, ஐரோப்பியர் அல்லாதோர் பாதுகாப்புச் சோதனைக்கு முன் விமான நிறுவனக் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் காட்ட வேண்டும் என்று ரயன்ஏர் போன்ற நிறுவனங்கள் கேட்கின்றன. மொபைலில் செக்-இன் ஆயிற்றே என்று நேரே போனால் வாயிலிலிருந்து திருப்பிவிடுவார்கள். அதற்குள் கவுண்டர் மூடியிருக்கும். இலவசப் பை அங்கே 40 × 30 × 20 செ.மீ., அதாவது கல்லூரி முதுகுப்பை. ஊருக்குக் கொண்டுவரும் பெரிய பெட்டியைத் தோழியின் அறையில் விட்டுச் செல்லட்டும். ஸ்டேஷன் லாக்கர் 72 மணி நேரத்துக்குத்தான்.

கே: அருங்காட்சியகங்களுக்கு மாணவர் சலுகை உண்டா? – வாசகி, குப்பம்

ப: பாரிஸ் லூவ்ரில் 26 வயதுக்குள் இருந்து ஐரோப்பாவில் குடியிருந்தால் இலவசம். கேட்பது மாணவர் அட்டையை அல்ல, வயதும் குடியிருப்பும் காட்டும் ஆதாரத்தை. இலவசம் என்றாலும் நேரம் பதிந்துகொண்டே போக வேண்டும், செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பவேரியாவின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு மியூனிக்கிலிருந்து ஃபூசன் வரை இரண்டு மணி நேர ரயில், பிறகு 73 அல்லது 78 எண் பேருந்து, பிறகு அரை மணிக்கு மேல் மேட்டில் நடை. உள்ளே போகும் நேரம் டிக்கெட்டிலேயே இருக்கும். தவறினால் டிக்கெட் வீண். படங்களில் பார்க்கும் காட்சி மரியன் பாலத்திலிருந்து எடுத்தது, அதற்கு டிக்கெட் வேண்டாம்.

கே: பட்டமளிப்புக்கு நாங்களும் போய் மகனோடு சுற்ற நினைக்கிறோம். நிலப் பத்திரம் காட்டினால் விசா கிடைக்குமா? – தம்பதியர், மறையூர்

ப: பத்திரம் துணைக்குத்தான். கடைசிச் சில மாத வங்கிக் கணக்கில் சீரான வரவு தெரிய வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாகப் போட்ட பணம் சந்தேகத்தையே கிளப்பும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்வரை விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

கே: ஞாயிற்றுக்கிழமை கடையே இருக்காதாமே? – வாசகர், புத்தூர்

ப: ஜெர்மனியில் இருக்காது. பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், விலை கூடுதல். சனிக்கிழமையே ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்தே எடுப்பார்கள். நசுக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துப் பணமாக வாங்கலாம். பிரான்சில் வாங்கிய பாட்டிலை இயந்திரம் திருப்பித் துப்பிவிடும்.