பாராடாங்கை வெட்டுங்க, நீல் தீவுல இன்னும் ஒரு நாள் இருங்க

கடிதம்:

வணக்கம் சார், தண்டையார்பேட்டையில இருந்து எழுதுறேன். ஒரு வாரம் லீவு போட்டு அந்தமான் போலாம்னு இருக்கோம், நான், என் மனைவி, ஆறாவது படிக்கிற பொண்ணு. ஏஜென்ட் குடுத்த ப்ளான்ல போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு, பாராடாங் எல்லாமே அஞ்சு நாள்ல வருது. மனைவிக்கு பீச்சோட அங்கத்த கலாச்சாரம், ஆதிவாசிங்க எல்லாம் பாக்கணும்னு ஆசை. அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், 'வூட்டாண்ட கடலை வெச்சுக்கினு இன்னொரு கடலை பாக்க இவ்ளோ செலவா'ன்றார். மே மாசம் போலாமா?

– ஒரு வாசகர்

பதில்:

வணக்கம். அப்பா கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், அது நல்ல கேள்வி. நமக்கு கடல் இருக்கு, கரை எங்க இருக்கு? தெக்க இருந்து வடக்க நகர்ற மணலை ஹார்பர் சுவர் தடுத்துச்சு, அதனால மெரினா அகலமாச்சு, ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் அரிச்சுது, இப்ப கருங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க. நம்ம பக்கத்து புள்ளைங்க அந்த கல்லு மேல உக்காந்துதான் கடலை பாக்குது, கடலுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு வழியே இல்ல. அந்தமானுக்கு போறது அதுக்குத்தான். பர்மாவுல இருந்து வர்ற மலைத்தொடர் கடலுக்கடியில நீண்டு போய் அதோட உச்சிங்கதான் தீவா நிக்குது, சேத்தை கொண்டாந்து கொட்டுற பெரிய ஆறு எதுவும் கிடையாது, தண்ணி தெளிவா இருக்கு, அதனாலதான் பவளம் வளருது.

இதுக்கு அவசரப்படாம ஒரு இடத்துல இருக்கணும். உங்க ப்ளான்ல நீலுக்கு அரை நாள்தான் வரும்னு நினைக்கிறேன், அந்த அரை நாள்ல கடல் ஏத்தமா, தண்ணி ஏறி இருந்துச்சுன்னா நீங்க ஒண்ணுமே பாக்கலன்னு அர்த்தம். அங்க ரெண்டு ராத்திரி தங்குங்க. ஏத்தம் வத்தம் எப்பன்னு லாட்ஜ்ல கேட்டுக்கிட்டு நல்லா வத்துற நேரமா அங்க இருக்கிற இயற்கைப் பாறைப் பாலம் பக்கம் போங்க, செருப்பு கண்டிப்பா போட்டுக்கணும், பாறை கிழிச்சிடும். பாறைக் குழியில முழங்கால் அளவு கூட தண்ணி இருக்காது, அதுல கறுப்பா கடல் அட்டை கிடக்கும், ராட்சத சிப்பி ஒண்ணு வாயைத் திறந்து வெச்சிருக்கும், உள்ள நீலமும் ஊதாவுமா சதை, உங்க நிழல் அது மேல விழுந்ததும் மெதுவா சுருங்கி மூடும். பொண்ணை அங்க குந்த வெச்சு பாக்கச் சொல்லுங்க, தொட வேணாம்.

சங்கு, பவளத்துண்டு எதையும் பையில போடாதீங்க. சட்டப்படியும் தப்பு, ஏர்போர்ட்ல பிடிங்கிடுவாங்க, ஆனா எனக்கு பெரிசா படுறது என்னன்னா காலி சங்குன்னு நாம நினைக்கிறது நண்டுக்கு அடுத்த வீடு, அது வளர வளர பெரிய சங்கு தேடி மாறிக்கிட்டே இருக்கும். பவளமும் அப்படித்தான், பாறை மாதிரி இருக்கிற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல தான் வளரும், 2010லயும் 2016லயும் தண்ணி சூடேறி நிறைய வெளுத்துப் போச்சு, மிச்சம் இருக்கிறது மேல கால் வெச்சு நிக்காதீங்க.

இப்ப பாராடாங். தயவு செஞ்சு அதை வெட்டுங்க. சுண்ணாம்புக் குகை நல்லா இருக்கும்தான், ஆனா அங்க போற ரோடு ஜாரவாங்கிற ஆதிவாசி மக்களோட காட்டுக்குள்ள போகுது, நிறைய பேர் குகைன்னு சொல்லிட்டு வண்டி ஜன்னல்ல இருந்து மனுசங்களை வேடிக்கை பாக்கத்தான் போறாங்க. 2002லயே சுப்ரீம் கோர்ட் அந்த ரோட்டை மூடச் சொல்லுச்சு. வெளி ஆளுங்க கொண்டு வந்த அம்மைக்கும் மத்த வியாதிக்கும் கிரேட் அந்தமானீஸ்ங்கிற இன்னொரு ஆதிவாசி மக்கள் கொத்துக் கொத்தா செத்து 1961 கணக்குல 19 பேர்னு ஆனாங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்டும் இன்னொரு கூட்டத்தை போய் எட்டிப் பாக்க எப்படி மனசு வரும்? உங்க மனைவி கெட்ட எண்ணத்துல கேக்கல, புரியுது, ப்ளான் விக்கிறவங்க அதைத்தான் கலாச்சாரம்னு சொல்லி விக்கிறாங்க.

கலாச்சாரம் வேணும்னா போர்ட் பிளேர்ல அபர்தீன் பஜார்ல ஒரு சாயங்காலம் சுத்துங்க. தமிழ் காதுல விழும், வங்காளி, தெலுங்கு, ராஞ்சி பக்கத்து ஆளுங்க எல்லாரும் ஹிந்தியில பேசிக்குவாங்க. பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்க நம்ம வியாசர்பாடிக்கு மட்டும் வரல, மத்திய அந்தமான்லயும் குடியேறுனாங்க, இலங்கையில இருந்து வந்தவங்களை நிக்கோபார் பக்கம் இருக்கிற கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புனாங்க. பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோன்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அவங்க கதை ஒண்ணும் அந்நியம் இல்ல, கடைக்காரங்க கிட்ட பேச்சு குடுங்க. செல்லுலார் ஜெயிலுக்கு அரை நாள் வைங்க, 1906ல கட்டி முடிச்சப்ப சிறகு மாதிரி விரிஞ்ச ஏழு கட்டடம், இப்ப மூணுதான் மிச்சம்.

மே மாசம் போறதா இருந்தா முதல் வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க, மூணாவது வாரம் வாக்குல அங்க பருவமழை இறங்கிடும், கேரளாவுக்கே முன்னாடி. ஜனவரி, பிப்ரவரின்னா இன்னும் நல்லது, கடல் அமைதியா இருக்கும், ஆனா அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், ஹேவ்லாக்ல இருக்கிற ராதாநகர் பீச்சுக்கு மூணு மணிக்கே போயிடுங்க. முதலை போர்டு வெச்ச இடத்துல இறங்கவே கூடாது, 2010ல ஹேவ்லாக்ல முதலை அடிச்சு ஒரு டூரிஸ்ட் செத்திருக்காங்க. அப்புறம் டிக்கெட்ல ஸ்ரீ விஜயபுரம், சுவராஜ் தீவு, ஷஹீத் தீவுன்னு இருந்தா குழம்பாதீங்க, போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் இதுங்களுக்கு வெச்ச புதுப் பேர்தான்.

அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்து கிளம்புற அந்தமான் கப்பலை அவர் வேலை பாத்த காலம் பூரா பாத்திருப்பார், அது போய் சேர்ற எடத்தையும் பாக்கட்டும். கப்பல்ல போக மூணு நாள் போல ஆகும், உங்க ஒரு வாரத்துல அடங்காது, ஃப்ளைட்தான் சரி. இல்ல, அவர் கப்பல்லதான் வருவேன்னு அடம் பிடிச்சா லீவை நீட்ட முடியுமான்னு பாருங்க, முடியும்னா எழுதுங்க, கப்பல் பத்தி தனியா சொல்றேன்.