காலை ஏழே முக்காலுக்குள் முடிக்க வேண்டிய சமையல்

அன்புச் சகோதரிக்கு,

காரைக்குடியில் கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு, நாலரை மணிக்கே எழுந்தும், ஏழே முக்காலுக்குப் பள்ளி வண்டி வருவதற்குள் பலகாரமும் மதியச் சோறும் முடிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நேரத்தைத் தின்பது அடுப்பு அல்ல, அரைப்பதும் உரிப்பதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஞாயிறு மாலையில் அரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டலாம். வெள்ளைப் பணியாரத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பச்சரிசியை அளந்து, அதன்மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவித்து ஊறவைத்து அரைக்கும் அந்த மாவு புளித்துவிட்டால் எண்ணெய் குடிக்கும் என்பதால், அது விடுமுறை நாளுக்கே உரியது.

மதியத்திற்கு வெண்டைக்காய் மண்டியை முந்தின இரவே செய்துவிடுங்கள். அரிசி கழுவிய நீரிலும் புளியிலும் ஊறி மறுநாள் அதன் சுவை கூடவே செய்யும். சின்ன வெங்காயத்தைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் எளிதில் கழன்றுவிடும். அந்த வேலையை மாலையில் உங்கள் மாமியாரிடம் தயங்காமல் கேளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து உரிப்பதை அவர் சுமையாக நினைக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

சீருடைகளை வாரத்துக்கு ஒருமுறை தேய்த்து அடுக்கிவிடுங்கள். முதல் வாரம் மாவை மட்டும் மாற்றிப் பார்த்து, எத்தனை மணிக்கு எழ முடிந்தது என்று எழுதுங்கள்.