வாத்தியார் பதில்கள்: நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ஐந்து சிறுகோள்கள்

'ஆசியா' என்ற சிறுகோள் (சூரியனைச் சுற்றும் சின்னஞ்சிறு கோள்களில் ஒன்று) சென்னையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்று சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். அதனால் இந்த இதழை அதைக் கண்டுபிடித்த மனிதருக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: சென்னையில் உட்கார்ந்து சிறுகோள் கண்டுபிடித்தாரா? யார் அவர்? எத்தனை கண்டுபிடித்தார்? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்சன், தம்பி. 1829ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தவர். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஜார்ஜ் பிஷப் என்ற செல்வந்தர் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் நடத்திவந்தார். 1851ல் போக்சன் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். அந்த ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட். தன் வாழ்நாளில் பத்துச் சிறுகோள்களைக் கண்டவர். அவரிடம் தொழில் படித்ததைப் பெரிய வாய்ப்பு என்றே சொல்வேன்.

அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்துக்குப் போனார். 1856 மே 23 இரவு அங்கேதான் முதல் சிறுகோள் அகப்பட்டது. அது ஐசிஸ், சிறுகோள்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் 42ஆவது. மறு ஆண்டு அரியாட்னியும் ஹெஸ்டியாவும் கிடைத்தன. பிறகு மதராஸ் அரசாங்க வானியலாளர் பதவி. 1861 தொடக்கத்தில் அந்த வானாய்வகம் இருந்த நுங்கம்பாக்கத்தில் வந்து இறங்கியவர், ஏப்ரல் 17 அன்றே ஒன்றைப் பிடித்துவிட்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். 1864ல் சாஃபோ, 1866ல் சில்வியா, 1868ல் கமிலா, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1885ல் வேரா. ஆக மொத்தம் எட்டு, அதில் ஐந்து சென்னையில். 1891 ஜூன் மாதம் சென்னையிலேயே காலமானார்.

கேள்வி: சிறுகோளும் ஒரு புள்ளி, நட்சத்திரமும் ஒரு புள்ளி. புகைப்படமும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் எதை வைத்துப் பிரித்தார்? (கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை நடத்துகிறேன் என்று சொல்லலாம், அம்மா.

தொலைநோக்கிக்குள் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே வித்தியாசம், சிறுகோள் நகரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் ஒரு சிறுகோள், வானத்தில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும் நாட்களில், ஒரு நாளுக்கு முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி தூரம் நகரும். முதல் நாள் இரவு இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. ஆனால் ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவில் எது நகர்ந்தது என்று தெரிய, முந்தின இரவு எந்தெந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அதற்குத்தான் வரைபடம்.

முதலில் சூரியன் செல்லும் பாதையை ஒட்டிய வானத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொள்வார்கள். கோள்களும் சிறுகோள்களும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் திரியும். தாளில் கட்டம் போட்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு மங்கல் நட்சத்திரத்தையும் அதனதன் கட்டத்தில் குறிப்பார்கள். பிரகாசத்துக்குத் தக்கபடி புள்ளியின் அளவு மாறும். கையில் மங்கிய விளக்கு. வெளிச்சம் கூடினால் கண் கெட்டுப்போகும், குறைந்தால் தாள் தெரியாது. ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது. பிறகு மீண்டும் முதல் துண்டுக்கு வந்து தாளையும் வானத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். தாளில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருந்தால் மூன்று காரணம் இருக்கலாம். நாம் குறிக்கத் தவறியிருப்போம். அல்லது பிரகாசம் ஏறி இறங்கும் மாறு விண்மீனாக இருக்கும். அல்லது சிறுகோளாக இருக்கும். சில மணி நேரம் காத்திருந்து, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அது விலகியிருக்கிறதா என்று அளந்தால்தான் முடிவு தெரியும்.

போக்சன் இந்த மூன்று வேலையிலும் கைதேர்ந்தவர். கேசியோப்பியா என்ற நட்சத்திர மண்டலத்தில் உள்ள ஆர் என்ற மாறு விண்மீனை 1853லேயே அடையாளம் கண்டவர். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெருவில் வேற்றாள் கால் வைத்ததுமே தெரிந்துவிடும் அல்லவா? அந்த மாதிரிக் கண் அவருக்கு. அந்தக் கண் பிறவியில் வரவில்லை, வரைந்து வரைந்து வந்தது.

சென்னைக்கு இன்னொரு வசதியும் உண்டு. சூரியப் பாதையின் தென்கோடி, அதாவது விருச்சிகம், தனுசு இருக்கும் பகுதி, லண்டனில் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரம்தான் ஏறும், புகையிலும் பனியிலும் மங்கிவிடும். நம்மூரில் அதுவே 53 பாகைக்கு மேல் ஏறும். ஐரோப்பியர்கள் அரைகுறையாகப் பார்த்த வானம் இவருக்குத் தலைக்கு மேலே கிடந்தது.

எங்கள் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியை நான் கொடுத்திருக்கிறேன். பைனாகுலரில் தெரியும் ஒரு வட்டத்தை மட்டும் மூன்று இரவுகள் வரையச் சொல்வேன். முதல் நாள் படத்தில் பத்துப் பதினைந்து புள்ளி இருக்கும். மூன்றாம் நாள் அதே வட்டத்தில் அதைவிட இரண்டு மடங்கு குறித்துக்கொண்டு வருவார்கள். வானம் மாறியிருக்காது, பார்வைதான் தேறியிருக்கும்.

கேள்வி: பிரகாசத்தில் ஒரு படி வித்தியாசம் என்றால் 2.512 மடங்கு என்று இயற்பியல் புத்தகத்தில் வருகிறது. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? (நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவி)

அதுவும் சிறுகோள் வேட்டையிலிருந்துதான் வந்தது, பாப்பா. அந்த எண்ணுக்குப் பெயரே போக்சன் விகிதம்.

கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை மிகப் பிரகாசமானது முதல் படி, மிக மங்கலானது ஆறாம் படி என்று பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். தொலைநோக்கி வந்த பிறகு அதற்குக் கீழே ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொருவரும் தன் மனம் போனபடி நீட்டினார்கள். ஒருவருடைய பத்தாம் படி இன்னொருவருக்குப் பன்னிரண்டாக இருந்தது.

போக்சனுக்கு இது பெரிய தொல்லை. 1857ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 36 சிறுகோள்கள் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். சிறுகோள் சூரியனிடமிருந்து விலகினாலும் நம்மிடமிருந்து விலகினாலும் மங்கும். தூரம் தெரிந்தால் ஒளி எத்தனை மடங்கு குறையும் என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்த மடங்கைப் படியாக மாற்ற, ஒரு படிக்கு எத்தனை மடங்கு என்று தெரிய வேண்டும். ஐந்து படி இறங்கினால் ஒளி சுமார் நூறில் ஒன்றாகிறது என்பது ஏற்கெனவே பலர் கவனித்தது. நூறின் ஐந்தாம் மூலம்தான் 2.512. அதன் மடக்கை (லாகரிதம்) 0.4. மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போடுகிறவருக்கு இதைவிட வசதியான எண் ஏது? அதையே எடுத்துக்கொண்டார். 1856ல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வசதியாக வந்த அந்த எண்ணைத்தான் இன்று விண்வெளித் தொலைநோக்கிகளும் பின்பற்றுகின்றன. எட்டுச் சிறுகோளையும்விட இதைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

கேள்வி: அவரோடு நம்மவர்கள் யாரும் வேலை செய்யவில்லையா? பெண்கள்? (மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி)

இருந்தார்கள். முதல் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர், ஆய்வகத்தின் தலைமை உதவியாளர். ரெட்டிகுலம் மண்டலத்தில் ஆர் என்ற நட்சத்திரத்தின் பிரகாசம் மாறுவதை 1867ல் கண்டவர் அவர். 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்ச்சி என்று பொதுமக்களுக்கு விளக்கி நம் நாட்டு மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். போக்சன் காலத்து நட்சத்திர அளவீடுகளில் பெரும் பங்கு இவரையும் மற்ற உதவியாளர்களையும் சேரும். பள்ளிப் பாடத்தில் இவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ். முதல் சிறுகோளின் பெயரும் இவருடைய பெயரும் ஒன்றே. அந்தச் சிறுகோள் அகப்பட்டபோது இவருக்கு மூன்று வயது. 1873ல் அப்பாவுக்கு உதவியாளராக ஆய்வகத்தில் சேர்ந்து, பிறகு மதராஸ் அரசின் வானிலைப் பணியையும் பார்த்து, 1898ல் ஓய்வு பெற்றார். 1886ல் லண்டன் ராயல் வானியல் கழக உறுப்பினர் பதவிக்கு அப்பா இவர் பெயரைப் பரிந்துரைத்தார். கழகத்தின் சாசனம் உறுப்பினரை ஆண்பாலில்தான் குறிக்கிறது, பெண்ணைச் சேர்ப்பது செல்லாது என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். 1920ல்தான் உறுப்பினரானார். முப்பத்து நான்கு ஆண்டுகள்! வேலை செய்ய மட்டும் அவர் பெண்ணாக இருந்தது யாருக்கும் தடையாகத் தெரியவில்லை. இந்த அநியாயத்தை மென்று விழுங்க என்னால் முடியவில்லை.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து தந்தி வந்து வால்வெள்ளி தேடினாராமே, உண்மையா? (சேலம்)

உண்மை. பீலா என்ற வால்வெள்ளி இரண்டாக உடைந்து, பிறகு காணாமலே போயிருந்தது. 1872 நவம்பர் 27 இரவு அதன் பாதையிலிருந்து எரிகற்கள் மழைபோலக் கொட்டின. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் உடனே மதராஸுக்குத் தந்தி கொடுத்தார்: பீலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் அருகே தேடுங்கள். அது தென்வானம், ஐரோப்பாவில் பார்க்க வழியில்லை. தந்தி வந்தபோது இங்கே மேகம். டிசம்பர் 2 விடியலில் மேகம் விலகியதும் அந்த இடத்தில் ஒரு வால்வெள்ளியை போக்சன் கண்டார், மறுநாளும் கண்டார். அதன் பிறகு மீண்டும் மேகம் மூடிக்கொண்டது. பின்னால் கணக்குப் போட்டவர்கள் அது பீலா அல்ல, தற்செயலாக அங்கே இருந்த வேறொன்று என்றார்கள்.

கேள்வி: 1868க்கும் 1885க்கும் இடையில் பதினேழு ஆண்டுகள் போக்சன் புதிதாக ஒரு சிறுகோளும் காணவில்லையே, ஏன்? (புதுச்சேரி)

ஆள் குறைவு, வேலை அதிகம். நட்சத்திரப் பட்டியல், வானிலை, நேரக் கணக்கு எல்லாம் அவர் தலையில். அந்நாளில் ரயில்வேக்கே சென்னை நேரம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எடுத்த அளவீடுகளை அச்சேற்றுவதில் போக்சன் மிகவும் தாமதித்தார். அவர் இறந்த பிறகுதான், அடுத்து அந்தப் பதவிக்கு வந்த மிச்சி ஸ்மித் அவற்றைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிட்டார். இந்த ஒன்றில் மட்டும் அவர் மேல் எனக்குக் குறை உண்டு. அவர் போன அதே 1891 டிசம்பரில் ஹைடல்பெர்கில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தட்டில் முதல் சிறுகோளைப் பிடித்தார். கண்ணால் தேடும் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

கேள்வி: அந்த ஐந்தும் இப்போது என்ன ஆயின? நாங்கள் பார்க்க முடியுமா? (ஈரோடு)

சாஃபோ பூமிக்கு அருகே வந்தபோது, டேவிட் கில் என்ற வானியலாளர் அதையும் ஐரிஸ், விக்டோரியா என்ற வேறு இரண்டையும் வைத்து சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அளந்தார். அவருடைய விடை பல காலம் உலகம் முழுவதும் புழங்கியது. சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு. ரோமாபுரிக் கதையில் ரியா சில்வியா பெற்ற இரட்டையர் பெயரே அவற்றுக்கு: ரோமுலஸ், ரெமுஸ். இரண்டு துணைக்கோள் உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது இதுதான். கமிலாவுக்கும் இரண்டு இருப்பது பிறகு தெரிந்தது.

இவற்றைப் பார்க்கச் சற்றுப் பெரிய தொலைநோக்கி வேண்டும். பைனாகுலர் மட்டும் இருந்தால் வெஸ்டாவில் தொடங்குங்கள், சிறுகோள்களில் மிகப் பிரகாசமானது அதுதான். எந்த மாதம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் உள்ள வான்பட ஆப் ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவில்லாத இரவாக இருக்கட்டும். அந்த வட்டத்தைத் தாளில் வரையுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே தாளோடு மாடிக்குப் போங்கள். வரைந்த தாளை எனக்கு அனுப்பினால் எந்தப் புள்ளி நகர்ந்தது என்று சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.