உதவித்தொகை வருகிறது, படகை விற்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் தங்கச்சிமடம். எம்.பி.டி. முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சம்பளம் 26,000 ரூபாய், அதில் வீட்டுக்கு மாதம் 10,000 தருகிறேன். சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் நெட்டி முறித்துச் சரிசெய்யும் வைத்தியம்) உடல்நல மேம்பாடு குறித்த பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 33,511 ஆஸ்திரேலிய டாலர் உதவித்தொகை, 3 ஆண்டுகளுக்கு. கேட்டால் 6 மாதம் நீட்டிக்கலாம் என்கிறார்கள். இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வேலையும் உண்டு. கையில் 3.4 லட்சம் ரூபாய், 9 பவுன் நகை இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு நாட்டுப்படகு. "விற்றுத் தருகிறேன், இல்லையென்றால் மீன் வியாபாரி 5 லட்சம் வட்டியில்லாமல் முன்பணம் தருகிறார்" என்கிறார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர், இப்போது முதுகுவலி. நான் போகலாமா? எவ்வளவு பணம் வேண்டும்?

பதில்: போகலாம். ஆனால் படகும் விற்க வேண்டாம், முன்பணமும் வாங்க வேண்டாம். உங்கள் கணக்கு அந்த இரண்டும் இல்லாமலே நேராகிவிடும்.

முதலில் முன்பணத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வட்டியில்லை என்று சொல்லித் தரும் பணத்துக்கு மீனில் வட்டி எடுப்பார்கள். பணம் வாங்கிய அன்றிலிருந்து அப்பா கொண்டுவரும் மீன், நண்டு, கணவாய் எல்லாம் அவருக்குத்தான் போக வேண்டும், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. மாதம் 60,000 ரூபாய்க்கு மீன் படுகிறது, வெளி விலையைவிட பத்துக்கு ஒரு பங்கு குறைத்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 போய்விடும். 5 லட்சத்துக்கு இது 14 சதவீதத்துக்கும் மேல் வட்டி. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. காற்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டால் வீட்டுச் செலவுக்கு அதே ஆளிடம் இன்னொரு பத்தாயிரம் வாங்க வேண்டிவரும். என் சித்தப்பா ஒருவர் இப்படி வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல் 11 வருடம் ஒரே வியாபாரிக்கு மீன் போட்டார். கடைசியில் படகும் அந்த வியாபாரிக்கே போனது. அந்த நினைப்பில்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படகை விற்பது அதைவிட மோசம். அது உங்கள் வீட்டுக்கு வருமானம் தரும் முதல். அப்பா கடலுக்குப் போகும்வரைதான் நீங்கள் அனுப்பும் 10,000 போதும். படகு போய்விட்டால் அவர் அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போக வேண்டும், நீங்கள் அனுப்ப வேண்டிய தொகையும் இரண்டு மடங்காகும்.

சரி, உண்மையில் எவ்வளவு தேவை? நான் இப்படிக் கணக்குப் போடும்போது செலவுக்கு ஆஸ்திரேலிய டாலரை 60 ரூபாய் என்றும், வரவுக்கு 55 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வேன். அப்படிப் போட்டால்தான் பிறகு துண்டு விழாது. 2025 ஜூலையிலிருந்து மாணவர் விசா கட்டணம் 2,000 டாலர், அதாவது 1.2 லட்சம். விசா காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம், முன்கூட்டியே கட்ட வேண்டும். அது ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களே கட்டிவிடுவதால் முதலில் அதைக் கேளுங்கள். விமான டிக்கெட்டுக்கு 60,000. சிட்னியில் பகிர்ந்து தங்கும் அறைக்கு வாரம் 350 டாலர் என்று வைத்தால், நான்கு வார அட்வான்ஸும் இரண்டு வார முன்வாடகையும் சேர்த்து 2,100 டாலர், ஏறக்குறைய 1.26 லட்சம். முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை சாப்பாடு, பஸ், போர்வை, பாத்திரம் என்று ஒரு லட்சம். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் வேலைகளுக்கு 30,000, வீட்டுக்கு 30,000. ஆக மொத்தம் 6 லட்சத்துச் சொச்சம். உங்களிடம் 3.4 லட்சம் இருக்கிறது. குறைவது 2.8 லட்சம். காப்பீட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் வெறும் 1.3 லட்சம்தான்.

இந்த அளவுக்குப் பொதுத்துறை வங்கியின் கல்விக் கடன் போதும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். டிக்கெட், காப்பீடு, தங்கும் செலவு எல்லாவற்றையும் கடனில் காட்டலாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்துவிட்டு, கிளை மேலாளரையும் நேரில் போய்ப் பாருங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 2,500 ரூபாய், உங்களுக்கு 45 டாலர். அதை மாதாமாதம் கட்டிவிடுங்கள். கடன் கிடைக்கத் தாமதமானால் நகையை வங்கியில் வையுங்கள், மீன் வியாபாரியிடம் போக வேண்டாம்.

இன்னொன்று. விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக 29,710 டாலர் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இதைச் சொல்லிப் பயமுறுத்தி, "கணக்கில் 18 லட்சம் போட்டுக் காட்டித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்று வரும் ஏஜெண்டுகள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். உங்கள் உதவித்தொகைக் கடிதத்தையே அதற்கு ஆதாரமாகக் காட்டலாம். அது அந்தத் தொகையைவிடப் பெரியது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வரவு எப்படி? மாதத்துக்கு 2,790 டாலர் வரும். நம் பணத்தில் ஒன்றரை லட்சம் என்றதும் ஊரில் பெரிதாகத் தெரியும். வாடகைக்கே 1,500 போகும். சாப்பாடு, போக்குவரத்து, போன் 750. வீட்டுக்கு 10,000 ரூபாய் என்பது 180 டாலர். கடன் வட்டி 45. மிச்சம் 300 டாலர்கூட நம்பிச் சொல்ல முடியாது. ஆகவே "வெளிநாட்டில் இருக்கிறாளே" என்று உறவுக்காரர்கள் கேட்கும் உதவிகளுக்கு இப்போதே மனதில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு எடுத்து வரும் பணம் முழுவதையும் தொடாமல் சேர்க்க வேண்டும். காரணம் இருக்கிறது. பிஎச்.டி. 3 ஆண்டில் முடியும் என்று காகிதத்தில்தான் இருக்கும். உதவித்தொகை நின்ற பிறகு ஆய்வேட்டை எழுதி முடிக்க இன்னும் ஆறு மாதம் பிடிக்கலாம். நீட்டிப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாக வராது. மாதம் 2,400 வீதம் ஆறு மாதத்துக்கு 14,400 டாலர். 36 மாதம் மாதாமாதம் 400 டாலர் போட்டால் சரியாக அதே தொகை சேர்ந்துவிடும். ஆராய்ச்சிப் பட்ட மாணவர்களுக்குப் படிப்பு தொடங்கிய பின் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை என்பதால் இது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் அந்த "வகுப்பு எடுக்கும் வேலை" பற்றிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். முழுநேர மாணவருக்கு வரும் உதவித்தொகைக்கு அங்கே பொதுவாக வருமான வரி இல்லை. பல்கலைக்கழகத்தில் ஊழியராக இருந்தால்தான் உதவித்தொகை என்று நிபந்தனை இருந்தால் அந்த விலக்கு போய்விடும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் நல்லது. வகுப்புச் சம்பளம் ஆண்டுக்கு 18,200 டாலருக்குள் இருந்தால் அதற்கும் வரி வராது. அந்தச் சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 சதவீதம் ஓய்வூதிய நிதியில் போடுவார். நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது 35 சதவீத வரி போக மீதியை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். பலர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

கட்டண விலக்கு எத்தனை ஆண்டு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 3 ஆண்டோடு நின்றால், நான்காம் ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் விழும். ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும் பல்கலைக்கழகங்கள் உண்டு. "முடிக்கும்வரை விலக்கு" என்றோ, குறைந்தது 4 ஆண்டு என்றோ பதில் வரவில்லையென்றால், இந்த இடத்தை விட்டுவிடச் சொல்வேன்.

படிப்பு முடிந்து என்ன வருமானம் என்பதிலும் தெளிவு வேண்டும். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறைக்கு ஆஸ்திரேலியாவில் தனி வாரியமும் பதிவும் உண்டு. நம் நாட்டில் அதற்கென்று பதிவுக் கவுன்சில் இல்லை. இந்தப் பிஎச்.டி. உங்களை ஆராய்ச்சியாளராகவும் ஆசிரியராகவும் ஆக்கும். முதுகில் நெட்டி முறித்து வைத்தியம் பார்க்கும் உரிமத்தைத் தராது, அங்கும் தராது, இங்கும் தராது. திரும்பிவந்து ராமநாதபுரத்தில் கைரோபிராக்டிக் கிளினிக் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். பல்கலைக்கழக வேலை, பொதுச் சுகாதார ஆராய்ச்சி என்றால் சரியான வழி. பிஎச்.டி. முடித்த இந்தியர்களுக்குப் படிப்புக்குப் பின் 4 ஆண்டு வரை அங்கே வேலை பார்க்க விசா வசதியும் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்களின் முதுகுவலியை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் நீங்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதை உங்கள் வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள். கடனில் கையெழுத்துப் போடும் அப்பாவுக்கு அது பாதுகாப்பு. போனதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அப்புறம், வீட்டுக்கென்று நான் கணக்கில் வைத்த 30,000 ரூபாயைச் சென்னைக்கு பஸ் ஏறும் முன்பே அம்மா கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் மூன்று மாதம் நீங்கள் அங்கே தட்டுத்தடுமாறும்போது, வியாபாரி வீட்டு வாசலுக்குப் போக அப்பாவுக்குக் காரணம் இருக்காது.